புத்தூர்க் கட்டும் கறுப்புத் துணியும்

தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் 'புத்தூர் எலும்பு முறிவு வைத்தியசாலை' என்னும் பெயர்ப்பலகையைக் காணாதவர் அரிது. அப்பெயருக்கு மூலமான புத்தூர் ஆந்திரத்தில் உள்ளது. 2022 வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூர், இப்போது திருப்பதி மாவட்டத்தில் அடங்கும். பச்சிலை, முட்டையின் வெண்கரு, மூங்கில் பத்தை, துணி ஆகியவற்றைக் கொண்டு கட்டும் அம்மரபைக் காணொலி நேர்காணல்கள் வழி ஆவணப்படுத்தும் ஆர்வம் ஆய்வுலகில் பெருகிவருவது நல்லதே. ஆனால், கேட்க வேண்டிய வினாக்களைப் பல நாள் திட்டமிடுவோர், பேசுபவருக்குப் பின்னால் என்ன இருக்க வேண்டும் என்பதைப் படப்பிடிப்புக்கு ஐந்து நிமிடம் முன்புதான் நினைக்கின்றனர்.

வைத்தியரைக் கறுப்புத் துணியின் முன் அமர்த்தி ஒருபக்க விளக்கிட்டால் அவர் மறைபொருள் அறிந்த சித்தராகத் தோன்றுவார். வெள்ளைச் சுவரின் முன் இருபுறமும் மென்னொளி பாய்ச்சினால் மருத்துவமனை விளம்பரத்தின் வல்லுநராகிவிடுவார். அவர் வாய்திறக்கும் முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. கட்டு அளவுக்கு மீறி இறுகினால் இரத்தவோட்டம் தடைப்பட்டு உறுப்பே அழுகக்கூடும் என நவீன மருத்துவம் எச்சரிக்கும் துறை இது. அறுவைச் சிகிச்சைக்கு வழியற்றோர் நம்பிவரும் துறையும் இதுவே. இத்தகைய வழக்கில் விளக்கு ஒருபக்கம் சாய்வது சிறு பிழையன்று.

அவர் பணிபுரியும் இடத்திலேயே, சாளரம் முகத்திற்குப் பக்கவாட்டில் அமையுமாறு இருத்துவதே தக்கது. நிழல் விழும் பக்கத்தில் ஒரு தெர்மாகோல் பலகை போதும். திருமண ஒளிப்பதிவாளர் எவரும் அறிந்த உத்தி அது. கேமராவின் தானியங்கி அளவீடு தன்முன் உள்ளதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கொண்டு கணக்கிடுவது. பின்னால் சுண்ணாம்புச் சுவர் நிறைந்திருந்தால் அது ஒளியைக் குறைத்துவிடும். கரிய முகம் இருளில் மூழ்கும். அளவீட்டை முகத்தில் வைத்துக் கையால் நிறுத்த வேண்டும். குழல்விளக்கை அணைக்க இயலாதெனில் ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 ஆக இருத்தல் நலம். இந்திய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆதலால் அவ்விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். வேகம் அதனோடு பொருந்தாவிடில் படத்தில் கோடுகள் ஓடும்.

இவற்றினும் முதன்மையானது கை. முறிவு எங்கே என்பதை விரல் தடவி அறியும் கலையில், மார்புவரை மட்டும் காட்டும் சட்டகம் அறிவையே வெட்டி எறிகிறது.

அமைத்த பின்னணி யாவும் பொய் என்பதற்கில்லை. கிளாத் லான்ஸ்மான் தம் 'ஷோவா' (1985) படத்திற்காக, தொழிலைக் கைவிட்டிருந்த ஆபிரகாம் பாம்பாவை இஸ்ரேலில் வாடகைக்கு எடுத்த முடிதிருத்தகத்தில் நிறுத்திப் பேசவைத்தார். நாஜி முகாமில் சாகப்போகும் பெண்களின் கூந்தலைக் கத்தரிக்க நேர்ந்தவர் அவர். கத்தரிக்கோல் கையிலிருக்க, நினைவு மீண்டது. அங்கே பின்னணி சாட்சியத்தோடு பிணைந்திருந்தது. கறுப்புத் துணிக்கு அவ்வுறவு ஏதும் இல்லை.

எனவே, எதை அகற்றினர், எதைத் தொங்கவிட்டனர், எவ்விளக்கு எங்கிருந்தது என்பதை ஆய்வேட்டின் களக்குறிப்பு இரண்டு வரியிலேனும் சொல்லியாக வேண்டும். இப்போது பல ஏடுகள் கேமராவின் பெயரோடு நின்றுவிடுகின்றன. பின்னால் காத்திருக்கும் நோயாளிகளும் 'இயல்பான பின்னணி' அல்லர். அவர்கள் இசையாவிடில் கேமராவைத்தான் திருப்ப வேண்டும்.