மாவட்டப் பக்கத்தோடு நின்றுபோகும் செய்திகள்

மல்லசமுத்திரம் என்ற பெயர் தமிழ் நாளேடுகளில் பெரும்பாலும் பருத்தி ஏலச் செய்தியில்தான் இடம்பெறும். கூட்டுறவு விற்பனைச் சங்கத்துக்கு எத்தனை மூட்டை வந்தது, எந்த ரகம் குவிண்டாலுக்கு என்ன விலைக்குப் போனது என்பதெல்லாம் அதில் பிழையின்றி இருக்கும். இந்த வட்டாரச் செய்திகளுக்கான அதே பக்கத்தில் 'இரு தரப்பினர் மோதல்' என்ற தலைப்பையும் அவ்வப்போது காண்கிறோம். அச்செய்தியில் ஊர் இருக்கும். காவல் நிலையத்தின் பெயர் இருக்கும். யார் தாக்கினார்கள், யார் தாக்கப்பட்டார்கள், எதற்காக என்பது மட்டும் இராது. பருத்தியின் ரகத்தைச் சொல்லத் தவறாத ஏடு, வன்கொடுமையின் வகையைச் சொல்லத் தயங்குகிறது.

இதை ஒரு செய்தியாளரின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. தமிழ் நாளேட்டுக்கு இந்திய ஊடகத்தில் தரப்பட்டிருக்கும் இடமும், அந்நாளேட்டுக்குள் தலித் செய்திக்குத் தரப்பட்டிருக்கும் இடமும் ஒரே ஏணியின் இரு படிகள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 6.9 கோடி. 1942இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய 'தினத்தந்தி', எழுத்துக்கூட்டிப் படிப்பவரையும் வாசகராக்கித் தேநீர்க்கடை வரை சென்ற ஏடு. தமிழ்நாட்டில் எந்த ஆங்கில நாளேட்டுக்கும் அதன் வாசகர் பரப்பு இல்லை. ஆயினும் அது 'பிராந்திய மொழி' ஏடு என்றே வகைப்படுத்தப்படுகிறது; டெல்லியிலிருந்து ஆங்கிலத்தில் வருவது 'தேசிய' ஏடு ஆகிவிடுகிறது.

இஸ்ரேலின் மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு கோடி. அங்கு எபிரேய மொழியில் வெளிவரும் 'ஹாரெட்ஸ்' நாளேட்டை எவரும் பிராந்திய ஏடு என்பதில்லை. 1918இல் தோன்றிய அந்த ஏடு, விற்பனையில் 'யெதியோத் அஹரோனோத்' போன்ற ஏடுகளுக்குப் பின்தங்கியது. 2007 முதல் இலவசமாக வழங்கப்படும் 'இஸ்ரேல் ஹயோம்' ஏட்டின் வாசகர் பரப்பும் அதற்கில்லை. ஆனாலும் அதன் செய்தி நாடாளுமன்றத்திலும் உலகத் தலைநகரங்களிலும் கவனிக்கப்படுகிறது. எபிரேயம் அங்கே அரசின் மொழி என்பது ஒரு காரணம். 1997 முதல் ஆங்கிலப் பதிப்பும் வருவது இன்னொரு காரணம். இவற்றோடு, அதன் செய்தியாளர் அமிரா ஹாஸ் 1990களில் காசாவிலும் பின்னர் ரமல்லாவிலும் குடியேறி, ஆக்கிரமிப்புக்கு உள்ளான மக்களிடையே வாழ்ந்தபடி எழுதினார். ஆளும் தரப்பின் மொழியில், ஒடுக்கப்படுவோரின் ஊரிலிருந்து செய்தி வந்தது. அதற்கு விலையும் உண்டு: 2024 நவம்பரில் இஸ்ரேல் அமைச்சரவை அவ்வேட்டுக்கு அரசு விளம்பரங்களை நிறுத்த முடிவெடுத்தது. அந்த ஏட்டின் எல்லா நிலைப்பாடுகளையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. செய்தியாளர் எங்கே குடியிருக்கிறார், விளம்பரம் போனாலும் ஏடு நிற்குமா என்னும் இரு கேள்விகளை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்வோம்.

நம் நாளேடுகள் பல நகரங்களில் அச்சாகின்றன. ஒவ்வொரு பதிப்பிலும் மாவட்டத்துக்கெனத் தனிப் பக்கங்கள் உண்டு. ஊர்ச் செய்தியை ஊராருக்குக் கொண்டுவந்த நல்ல ஏற்பாடுதான் இது. ஆனால் சேலம் பதிப்பின் நாமக்கல் பக்கத்தில் வருவதைச் சென்னை வாசகர் காண்பதில்லை. ஒரு சேரியில் நடந்த தாக்குதல், அதை முன்பே அறிந்த ஊராரின் பார்வைக்கே மீண்டும் வந்து, அங்கேயே முடிந்துவிடுகிறது. அமைச்சரோ ஆணையமோ ஆங்கில ஏட்டின் செய்தி ஆசிரியரோ காணும் முதல் பக்கத்துக்கு அது ஏறுவதில்லை.

அப்பக்கத்தை நிரப்புவோரில் பலர் பகுதி நேரச் செய்தியாளர்கள். ஊதியம் சொற்பம், திருவிழா, பிறந்தநாள் விளம்பரங்களைப் பிடித்துத் தரும் பொறுப்பும் பலருக்கு உண்டு. அவ்விளம்பரங்களைத் தருவோர் ஊரின் நிலவுடைமையாளர்கள், தறிப்பட்டறை முதலாளிகள், கட்சிப் பிரமுகர்கள். சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பெருந்தொகையாக வாழும் அருந்ததிய மக்களிடமிருந்து எந்த விளம்பரமும் வரப்போவதில்லை. இந்நிலையில் காவல் நிலையத்தின் கூற்றே செய்தியாகிறது. 'இரு தரப்பினர் மோதல்' என்பது காவல் துறையின் சொல். ஏடு அதை அச்சேற்றுகிறது.

2015ஆம் ஆண்டில் திருச்செங்கோடு இருமுறை பேசப்பட்டது. அவ்வாண்டு ஜனவரியில் 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிரான மிரட்டலால் எழுத்தாளர் பெருமாள்முருகன் எழுத்தையே கைவிடுவதாக அறிவித்தார். அந்நாவல் முன்பே ஆங்கிலத்தில் வெளிவந்திருந்ததால் செய்தி உடனே நாடெங்கும் உலகெங்கும் சென்றது. செல்ல வேண்டிய செய்திதான் அது. அதே ஆண்டு ஜூன் 23 அன்று, ஓமலூரைச் சேர்ந்த தலித் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குத் தன் வகுப்புத் தோழியுடன் சென்றபின் காணாமற்போனார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். தொடக்கத்தில் அது தற்கொலை போலக் காட்டப்பட்டது. ஆங்கில ஏடுகளும் இதை எழுதின என்பது உண்மை. ஆனால் அவ்வழக்கின் ஒவ்வொரு படியையும் குடும்பமும் வழக்கறிஞர்களும் தலித் அமைப்புகளும் போராடியே கடக்க நேர்ந்தது.

முதன்மைக் குற்றவாளி யுவராஜ் தலைமறைவாக இருந்த மாதங்களில் வாட்ஸ்அப்பில் குரல்பதிவுகளை வெளியிட்டதும் தொலைக்காட்சிக்குப் பேட்டி அளித்ததும் மறக்கக் கூடியவை அல்ல. கொல்லப்பட்டவரின் தாய்க்குக் கிடைக்காத திரை, தேடப்பட்டவருக்குக் கிடைத்தது. விசாரணை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட பெரும்பாலோரின் தண்டனையை உறுதி செய்தது. கொலைக்கும் முதல் தீர்ப்புக்கும் இடையே ஏறக்குறைய ஏழு ஆண்டுகள்.

செய்தி அறையில் அமர்ந்திருப்பவர் யார் என்னும் கேள்வி இங்கே எழுகிறது. 1996இல் பத்திரிகையாளர் பி.என். உனியால், மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற 686 செய்தியாளர்களிடையே ஒரு தலித்தையேனும் தேடினார், ஒருவரும் கிட்டவில்லை. 2006இல் டெல்லியின் 37 ஊடகங்களில் முடிவெடுக்கும் பொறுப்பில் இருந்த 315 பேரை ஆராய்ந்தபோதும் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ இல்லை. 2019இல் ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் ஆங்கில, இந்தி ஊடகங்களின் 121 தலைமைப் பொறுப்புகளை ஆராய்ந்தன: 106 உயர்சாதியினர், தலித், பழங்குடியினர் எவருமில்லை. தமிழ் நாளேடுகள் தம் ஆசிரியர் குழுவின் சமூகக் கணக்கைத் தாமே வெளியிடட்டும் என்று கேட்பது நம் உரிமை.

இந்த வெற்றிடத்தை நம் முன்னோர் நூற்றாண்டுக்கு முன்பே அறிந்திருந்தனர். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' வார ஏட்டைத் தொடங்கி, 1914இல் மறையும் வரை நடத்தினார். 1920இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைக் கொண்டுவந்தபோது, அதன் விளம்பரத்தைக் கட்டணம் தந்தும் 'கேசரி' வெளியிட மறுத்தது. நமக்கெனத் தனி ஏடு வேண்டும் என்பது அன்றே தெளிவாயிற்று. ஆனால் தனி ஏடு இருப்பதாலேயே பொது ஏட்டின் மீதான நம் கோரிக்கையைக் கைவிட்டுவிட முடியாது. கோடிக்கணக்கானோர் படிப்பது அதைத்தான்.

'சாதிப் பெயரைத் தவிர்ப்பதே நெறி' என்று ஆசிரியர்கள் பதில் கூறுவர். இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறை, இழிவுபடுத்தும் நோக்கில் சாதியைக் குறிப்பதைத்தான் முதன்மையாகத் தடுக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம் நிகழ வேண்டுமெனில் தாக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருக்க வேண்டும். தாக்கியவர் அவ்விரு பிரிவிலும் சேராதவராக இருக்க வேண்டும். அதாவது சாதி என்பது குற்றத்தின் உறுப்பு. அதை நீக்கி எழுதினால் குற்றமே செய்தியிலிருந்து நீங்கிவிடுகிறது. பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்புக்காகப் பெயரை மறைப்பது வேறு. குற்றத்தின் தன்மையை மறைப்பது வேறு.

பத்திரிகை மன்றத்தால் ஏட்டுக்கு அபராதம் விதிக்க முடியாது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு எச்சரிக்கவும் கண்டிக்கவும் மட்டுமே அதிகாரம் தருகிறது. ஆயினும் முதலில் ஆசிரியருக்கு மறுப்பு எழுதி, பதில் நிறைவளிக்காவிடில் செய்தி வெளியான இரண்டு மாதங்களுக்குள் மன்றத்தில் முறையிடலாம். இவ்வழியை நாம் அரிதாகவே பயன்படுத்துகிறோம்.

அதற்கு முன்பே செய்யத்தக்க பணியும் உண்டு. தாக்குதல் நடந்த அன்றே ஒரு பக்கக் குறிப்பை எழுதிச் செய்தியாளர் கையில் தர வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் எண், சேர்க்கப்பட்ட பிரிவுகள், 12ஆம் விதிப்படி ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் வந்தனரா, நிவாரணத் தொகை தரப்பட்டதா என்பவை அதில் இருக்கட்டும். குற்றப்பத்திரிகைக்கு 60 நாள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழு என்று சட்டம் விதித்த கெடுக்கள் உள்ளன. கெடு தவறும் ஒவ்வொரு நாளும் ஒரு செய்தி. கல்லூரி மாணவர்கள் அக்குறிப்பை அன்றிரவே ஆங்கிலத்தில் ஆக்கினால், மாவட்டப் பக்கத்தின் எல்லையை அது தாண்டும். பருத்தி ஏலத்துக்கு வாரந்தோறும் குறிப்பு அனுப்பச் சங்கத்துக்கு ஆள் இருக்கிறது; வன்கொடுமை வழக்குகளுக்கும் ஒவ்வொரு வட்டத்திலும் அப்படி ஓர் ஆளை நாம் அமர்த்தியாக வேண்டும்.