பகல் பதினோரு மணிக்கு அந்தப் பேட்டை எப்படி இருக்கும்?

தூரத்து உறவில் தம்பி முறை ஆகும் ஒருவன் போன வாரம் கோவையிலிருந்து பேசினான். சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது. அலுவலகம் சாங்கி பிசினஸ் பார்க்கில். “அக்கா, வீடு தெம்பனிஸ்ல பாக்கட்டுங்களா, செங்காங்ல பாக்கட்டுங்களா? செங்காங்ல நம்ம ஆளுக நெறைய இருக்காங்கன்னு சொல்றாங்க. ஆனா ரெண்டு தடவை ரயில் மாறோணுமாம்.” வாடகை, ரயில் நேரம், நம்ம ஆட்கள் என்று மூன்று பத்தி போட்டு எக்செல்லில் ஒரு பட்டியலே வைத்திருந்தான். உன் வீட்டில் அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். “அவ என்னங்க்கா சொல்லப் போறா. நான் முன்னாடி போயி வீட்டப் புடிச்சிட்டு அப்புறம் கூட்டிக்கறேன்.”

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் நம் வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. வேலைக்குப் போகிறவர் தன் அலுவலகத்தை மையப்புள்ளியாக வைத்து வீடு தேடுகிறார். அவர் அந்த ஊரைப் பார்ப்பதோ காலை எட்டு மணிக்கு ஒரு தடவை, இரவு ஏழரைக்கு ஒரு தடவை. நடுவிலுள்ள பகல் முழுவதும் அங்கே இருக்கப் போவது மனைவியும் மூன்று வயதுக் குழந்தையும். கணவர் துணையாகப் போகிற வீடுகளும் இன்று இருக்கின்றன, அவர்கள் நிலையும் இதேதான். வீட்டில் இருக்கப் போகிறவரின் பகல் பொழுதை வைத்துத்தான் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. துணைவியாகப் போய் அந்த ஊரில் பல ஆண்டுகள் பகலைக் கழித்தவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

சிங்கப்பூரைப் பொறுத்தவரை இதற்குச் சட்டமே ஒரு காரணம். எம்ப்ளாய்மென்ட் பாஸிலோ எஸ் பாஸிலோ போகிறவர் மனைவி மக்களை டிபெண்டன்ட் பாஸில் அழைத்துக்கொள்ள மாதச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) இருக்க வேண்டும். முன்பெல்லாம் அந்தப் பாஸில் வந்தவருக்கு ஒரு நிறுவனம் வேலை தர முன்வந்தால், ஒப்புதல் கடிதம் ஒன்று வாங்கிக்கொண்டு வேலையில் சேர்ந்துவிடலாம். 2021 மே 1 முதல் பெரும்பாலோருக்கு அந்த வழி அடைபட்டது. இப்போது அவரும் தனக்கென்று ஒரு வேலை பாஸ் வாங்க வேண்டும், அதற்கான சம்பளத் தகுதியும் மற்ற தகுதிகளும் தனியாகப் பொருந்த வேண்டும். கோவையில் நல்ல வேலையில் இருந்த பெண் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டுப் போய் அங்கே மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், வீட்டில் இருக்க நேர்வது இதனால்தான். அவளுக்கு வீட்டைச் சுற்றிய அரை கிலோமீட்டர்தான் ஊர். அதை அவள் பார்க்காமலே முடிவு செய்தால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத்தான்.

‘நம்ம ஆட்கள்’ விஷயத்துக்கு வருகிறேன். சிங்கப்பூர் மக்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். ஒரே இனத்தார் ஒரே இடத்தில் திரண்டுவிடக் கூடாது என்று 1989 முதல் அங்கே இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடைமுறையில் இருக்கிறது. வீடு வாங்கும்போது இந்தியரும் பிற இனத்தவரும் சேர்ந்து ஒரு வட்டாரத்தில் 12 விழுக்காட்டுக்கும் ஒரு புளோக்கில் 15 விழுக்காட்டுக்கும் மேல் போக முடியாது. வாடகைக்கு வேறொரு வரம்பு. மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு முழு வீடாக வாடகைக்கு விடுவது வட்டாரத்தில் 8 விழுக்காடு, புளோக்கில் 11 விழுக்காடு வரைதான். 2014-இல் வந்த விதி இது. பிடித்த வீடு கிடைத்து, பேசி முடித்த பிறகு, ‘இந்த புளோக்கில் கோட்டா முடிந்துவிட்டது’ என்று முகவர் சொல்வதற்கு இதுதான் காரணம். ஆகவே அண்ணாநகர் போல ஒரு தமிழ்ப் பேட்டையைத் தேடி அங்கே அலைவதில் பொருளில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. கோயிலும் மளிகையும் தீவு முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. செங்காங்கில் வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயம், ஈசூனில் புனித மரம் பாலசுப்பிரமணியர் ஆலயம், இலங்கைத் தமிழர் எழுப்பிய செண்பக விநாயகர் ஆலயம் காத்தோங் பக்கம். பங்குனி உத்திரம் பார்க்க எல்லாரும் ஈசூனுக்குத்தான் வருவார்கள். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழரும் மலையாளிகளும் வாழ்ந்த வட்டாரம் அது.

நாங்கள் இருந்தது அந்த ஈசூனில், பழைய புளோக் ஒன்றில். காலை ஒன்பதரைக்குக் கீழே இறங்கினால் திறந்த தளத்தின் கல்மேசையில் இரண்டு சீனத் தாத்தாக்கள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஐந்து நிமிட நடையில் ஈரச்சந்தை. மீன் வெட்டுகிற அங்கிள் என்னைக் கண்டதும் கத்தியை ஓங்கியபடியே “கறி?” என்று ஒரே சொல்லில் கேட்பார். தலையாட்டினால் துண்டு பெரிதாக விழும், தலையைத் தனியாகக் கட்டித் தருவார். காய்க்கடைப் பாட்டி கேட்காமலே ஒரு கொத்து கறிவேப்பிலை போடுவார். எதிர்வீட்டு மலாய் அம்மா நோன்புப் பெருநாளுக்கு அன்னாசிப்பழ டார்ட் ஒரு டப்பா கொடுத்தால், தீபாவளிக்கு நான் அதே டப்பாவில் முறுக்கு வைத்துத் திருப்பிக் கொடுப்பேன். அவரோடு எனக்குப் பொதுவாக இருந்த சொற்கள் சொற்பம். ஆனால் என் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்த நாளில் கதவைத் தட்டிக் கஞ்சி கொண்டுவந்தவர் அவர்தான்.

இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புதிய பேட்டைகளில் வீடுகள் அழகு, மின்தூக்கி புதுசு, ஓடைக்கரையில் நடைபாதை. ஆனால் அங்கே குடியேறுகிறவர்கள் பெரும்பாலும் இளம் தம்பதிகள். இருவரும் வேலைக்குப் போய்விடுவார்கள், குழந்தை பாலர் பள்ளியில். பகல் பதினோரு மணிக்கு நடைவழி முழுக்கக் கதவுகள் சாத்தியிருக்கும். கடைகளும் குளிரூட்டிய கடைத்தொகுதிக்குள் போய்விட்டன, அங்கே யாரும் யாரையும் ‘கறி?’ என்று கேட்பதில்லை. பழைய பேட்டைகளில் வயதானவர்கள் பகலில் வீட்டில் இருக்கிறார்கள், காப்பிக்கடை புளோக்குக்குக் கீழேயே இருக்கிறது. மின்தூக்கி கொஞ்சம் பழசு, சமையலறை ஓடுகள் கொஞ்சம் மங்கல். தனியாகப் பகலைக் கழிக்கப் போகிறவர் கேட்டால், ஓட்டின் நிறத்தைப் பார்க்காதே, பழைய பேட்டைக்கே போ என்பேன். புதிய பேட்டைகளான பொங்கோலிலும் செங்காங்கிலும் மகிழ்ச்சியாக இருக்கிற தோழிகள் எனக்கு உண்டு. அவர்களுக்குக் கிடைத்தது அந்த புளோக்கில் பகலில் இருந்த ஒன்றிரண்டு பேர். அது அமைய வேண்டும்.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? செவ்வாய், புதன் என்று ஒரு வேலை நாளில் காலை பத்தரைக்கு, அவள் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு புளோக்கிலிருந்து சந்தைவரை நடக்க வேண்டும். ஈரச்சந்தைகள் நண்பகலோடு அடங்கிவிடும், அதனால் மாலையில் போய்ப் பார்த்துப் பயனில்லை. எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து 400 மீட்டருக்குள் பள்ளி, மருந்தகம் போன்ற இடங்களுக்குக் கூரை போட்ட நடைபாதைகளை அரசு அமைத்திருக்கிறது. அந்தக் கூரை நம் புளோக்வரை வருகிறதா, நடுவில் அறுந்துபோகிறதா? திடீரென்று அடிக்கிற மழையில் தள்ளுவண்டியோடு நிற்கிறவளுக்குத்தான் அந்த இடைவெளி தெரியும். விளையாட்டுத் திடலில் பகலில் நிழல் இருக்கிறதா, படுக்கையறைச் சன்னல் மேற்கே பார்க்கிறதா, நூலகம் எவ்வளவு தூரம்? தெம்பனிஸிலும் பொங்கோலிலும் பெரிய வட்டார நூலகங்கள் இருக்கின்றன. வெளிநாட்டவர் நூல் இரவல் வாங்கக் கட்டணம் கட்ட வேண்டும். உட்கார்ந்து படிக்க யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஈசூன் நூலகத்தில் எத்தனையோ பகல்களைக் கழித்திருக்கிறேன்.

சமையலறையையும் அவள்தான் பார்க்க வேண்டும். வாடகை விளம்பரங்களில் ‘லைட் குக்கிங்’ என்று போட்டிருக்கும். அறை வாடகை என்றால் அதற்கு அர்த்தம், தாளிக்காதே, மீன் வறுக்காதே என்பது. எந்த இனத்தவர் வேண்டாம் என்று விளம்பரத்திலேயே எழுதிய நாட்களும் இருந்தன. முகவர்களை ஒழுங்குபடுத்தும் மன்றம் அப்படி எழுதக் கூடாது என்கிறது, ஆனால் தொலைபேசியில் ‘இந்தியரா?’ என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறவர்கள் இன்றும் உண்டு. அது வலிக்கத்தான் செய்யும். நம்முடைய சாம்பாருக்கு வெட்கப்பட வேண்டியதில்லை. தினமும் தாளித்துச் சமைப்போம் என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள், சரியென்று சொல்கிற வீட்டுக்காரரும் கிடைப்பார். தனியார் கண்டோக்களில் கூடத்தோடு ஒட்டிய திறந்த சமையலறை நிறைய வருகிறது. வீவக வீட்டில் பெரும்பாலும் கதவும் சன்னலும் உள்ள தனிச் சமையலறை இருக்கும், நம் சமையலுக்கு அதுதான் தோது.

பள்ளியை வைத்து வட்டாரம் தேடுவது நம்மவருக்கு ஊறிப்போன பழக்கம். அங்கே அது அவ்வளவாகச் செல்லாது. உள்ளூர்த் தொடக்கப்பள்ளியில் முதலாம் வகுப்புச் சேர்க்கையில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கடைசிக் கட்டத்தில்தான் இடம். நடுவில் போய்ச் சேர்வதற்கு ஏஇஐஎஸ் என்ற தேர்வு எழுத வேண்டும், தேறினாலும் காலியிடம் இருக்கும் பள்ளியில்தான் போடுவார்கள். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிக்கு அனுப்புவதாக இருந்தால், பள்ளிப் பேருந்து எத்தனை மணிக்கு உங்கள் புளோக்குக்கு வரும் என்பதைக் கேளுங்கள். ஆறு வயதுக் குழந்தை விடியுமுன் எழுந்து பேருந்தில் தூங்கி வழிவதைவிட, அப்பா கால் மணி நேரம் கூடுதலாக ரயிலில் நிற்கலாம்.

இடையில் ஒன்று. ‘ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் ஒரே கூட்டம், அந்தப் பக்கம் வீடே வேண்டாம்’ என்று புதிதாக வருகிற நம்மவர்கள் சிலர் முகம் சுளிப்பதைக் கேட்டிருக்கிறேன். எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் பாதி நம் புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர்ப் பிள்ளைகள். கட்டுமானத்துக்கு வேலை அனுமதியில் வந்த அவர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாது, வீவக வீட்டை வாடகைக்கு எடுக்கவும் முடியாது. முதலாளி காட்டுகிற தங்குவிடுதி துவாஸிலோ கிராஞ்சியிலோ சுங்கை காடுட்டிலோ இருக்கும். 2020-இல் கொரோனா அந்த விடுதிகளில் பரவியபோது மாதக்கணக்கில் வெளியே வர முடியாமல் கிடந்தவர்கள் இவர்கள். எந்தப் பேட்டையில் இருக்கலாம் என்ற கேள்வியே அவர்களுக்கு வாய்த்ததில்லை. வாரத்தில் ஒரு நாள் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் உட்கார்ந்து, பணம் அனுப்பி, ஊருக்குப் பேசி, வயிறாரச் சாப்பிட்டுப் போகிறார்கள். எக்செல் போட்டு வீடு தேட முடிகிற நாம் அதற்குக் குறை சொல்லக் கூடாது.

ஒப்பந்த விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு மாதம் இருந்து பார்த்துவிட்டு மாறலாம் என்ற எண்ணம் அங்கே நடக்காது. வீவக வீட்டுக்குக் குறைந்தது 6 மாத ஒப்பந்தம், தனியார் வீட்டுக்கு 3 மாதம். அதற்குக் கீழே போனால் சட்டவிரோதம். வழக்கமாகப் போடுவது இரண்டு ஆண்டு, முன்பணம் இரண்டு மாத வாடகை. முகவரின் பதிவு எண்ணை அரசுப் பதிவேட்டில் சரிபார்க்காமல் ஒரு வெள்ளிகூட அனுப்பாதீர்கள். படத்தை மட்டும் காட்டிப் பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். ‘டிப்ளமேட்டிக் கிளாஸ்’ என்ற நிபந்தனையை அவசியம் சேர்க்கச் சொல்லுங்கள். ஓராண்டுக்குப் பிறகு வேலை போனாலோ வேறு நாட்டுக்கு மாற்றினாலோ இரண்டு மாத அறிவிப்பில் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள அதுதான் வழி. பாஸ் ரத்தானால் நாட்டில் தங்க 30 நாள்தான் தருவார்கள். 2022-இல் மட்டும் தனியார் வீட்டு வாடகைக் குறியீடு ஏறக்குறைய 30 விழுக்காடு ஏறியது. அந்த நேரத்தில் ஒப்பந்தம் முடிந்து புதுப்பிக்க வேண்டி வந்தவர்கள் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கையிலிருக்கும் தொகையின் விளிம்புவரை போய் வீடு எடுக்க வேண்டாம் என்று அதனால்தான் சொல்கிறேன்.

தம்பியிடம் சொன்னது இதுதான். சாங்கி பிசினஸ் பார்க்குக்கு எக்ஸ்போ நிலையத்தில் இறங்க வேண்டும். தெம்பனிஸிலிருந்து டவுன்டவுன் தடத்தில் மூன்றாவது நிறுத்தம். ஆக உன் பக்கத்துக் கணக்கு எளிது, அதற்கு எக்செல் வேண்டாம். உன் பாஸுக்கு விண்ணப்பிக்கும்போதே அவளுடையதற்கும் சேர்த்து விண்ணப்பிக்கலாம். இருவரும் ஒன்றாகப் போங்கள். கம்பெனி தரும் தற்காலிகத் தங்குமிடத்தில் இருந்துகொண்டு, நீ அலுவலகம் போன பிறகு அவள் போய்ப் பார்க்கட்டும், அவளுக்குப் பிடித்த இரண்டில் ஒன்றை நீ மாலையில் போய்ப் பார். சேர்ந்து போக வழியே இல்லை என்றால், வீடியோ அழைப்பில் கூடத்தையும் கழிப்பறையையும் காட்டுவதோடு நிறுத்தாதே. கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, சந்தைவரை நடந்து காட்டு.

நிறுவனங்களின் மனிதவளப் பிரிவில் இருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஊழியருக்குத் தரும் தற்காலிகத் தங்கல் பல இடங்களில் இரண்டே வாரம், அதுவும் ஒருவருக்கு மட்டும். அதை நான்கு வாரமாக்கி, துணையும் குழந்தையும் தங்கும்படி கொடுங்கள். முதல் வாரத்தில் ஒரு நாள் ஊழியருக்கு விடுப்பும் கொடுங்கள், குழந்தையை அவர் பார்த்துக்கொள்ள, மனைவி போய் வட்டாரங்களைப் பார்த்துவிட்டு வரட்டும்.