உரிமை எல்லாம் பரீட்சைக்கு மட்டும்தானா?

நவம்பர் 26 வந்தால் அரசியல் சட்ட நாள். 2015-ல் இருந்து கொண்டாடுகிறார்கள். பள்ளிகளில் முகவுரையை வாசிப்பார்கள். பெல் அடித்ததும் அதோடு சரி.

அடிப்படை கடமைகள் எத்தனை என்று பத்தாம் வகுப்பு பையனைக் கேளுங்கள். '11' என்று டக்கென்று சொல்வான். தெருக்குழாயில் 4 நாளா தண்ணி வரலையே, யாருக்கு மனு எழுதணும் என்று கேளுங்கள்... திருதிருவென முழிப்பான்! அவனைச் சொல்லி குற்றமில்லை. 2 மார்க், 5 மார்க் என்றே பழக்கியாச்சு.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் பாருங்கள். வாசலில் மனு எழுதுபவரிடம் காசு கொடுத்து நிற்கிறார்கள், படிக்கிற பிள்ளைகளைப் பெற்றவர்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005-லேயே வந்தாச்சு. 10 ரூபாய்க்கு மனு, 30 நாளில் பதில். வீட்டில் யாருக்குத் தெரியும்?

பொறுப்பும் அப்படித்தான். பொதுச்சொத்தைக் காப்பது கடமை என்று எழுதி முழு மார்க் வாங்கியவனே பஸ் சீட்டைக் கிழிக்கிறான்.

சமூக அறிவியல் பீரியடில் ஆளுக்கொரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, 'உங்க தெரு குறையை எழுதுங்கடா' என்று வாத்தியார் சொன்னால் என்ன? திங்கட்கிழமை அப்பா கையில் அதையே கொடுத்து அனுப்பலாமே!