செத்த கோழியை மறைக்காதீர்கள்!

ஒரு கோழி செத்துப்போவது ஒரு செய்தியா?

பட்டணத்துக்காரர்கள் சிரிப்பார்கள். காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் கோழி வளர்க்கும் பெண்கள் சிரிக்க மாட்டார்கள்.

அவர்களுக்குக் கோழிதான் கைக்காசு. பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்க வேண்டுமா? ஒரு சேவல் சந்தைக்குப் போகும். மருமகன் வந்துவிட்டாரா? ஒரு கோழி குழம்புக்குப் போகும். ஏழைக் குடும்பத்துக்குப் பஞ்சாரம்தான் பாங்கி!

அந்தப் பாங்கி ஒரே வாரத்தில் திவாலாகிவிடுவது உண்டு.

கழிச்சல் நோய்

முதலில் ஒரு கோழி உம்மென்று உட்காரும். தீனி எடுக்காது. இறக்கை தொங்கும். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சில கோழிகளுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். மறுநாள் இரண்டு சாகும். நான்காம் நாள் பஞ்சாரம் காலி!

இதைக் கிராமத்தில் வெள்ளைக்கழிச்சல் என்பார்கள். டாக்டர்கள் "ராணிக்கெட் நோய்" என்கிறார்கள். ராணிக்கெட் என்பது இமயமலைச் சாரலில் உள்ள ஓர் ஊர். இந்தியாவில் இந்த நோய் 1927-ம் ஆண்டில் அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டு இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தில் கண்டார்கள். அதனால் வெளிநாட்டில் அதற்கு "நியூகாசில் நோய்" என்று பெயர்.

வந்தபின் குணப்படுத்த மருந்து கிடையாது. வராமல் தடுக்க வழி உண்டு. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து விடவேண்டும். 8-வது வாரத்தில் இறக்கையில் ஊசி போடவேண்டும். இந்தத் தடுப்பு மருந்தை ராணிப்பேட்டையில் உள்ள அரசு நிலையம் தயாரிக்கிறது. ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் கால்நடைத் துறையினர் கிராமங்களில் முகாம் நடத்தி, இலவசமாக ஊசி போடுவது வழக்கம்.

ஒரே மாதிரி இரண்டு நோய்

"கழிச்சல்தானே, பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிடலாமா? கூடாது. ஏன் என்பதற்கு நவாப்பூர் சாட்சி.

நவாப்பூர் மராட்டிய மாநிலத்தில் உள்ள ஊர். 2006-ம் ஆண்டுத் தொடக்கத்தில் அங்குள்ள பண்ணைகளில் கோழிகள் செத்தன. ராணிக்கெட் நோய் என்றே முதலில் நினைத்தார்கள். பிப்ரவரி மாதத்தில் போபால் நகரத்துப் பரிசோதனைக்கூடத்திலிருந்து முடிவு வந்தது. அது பறவைக் காய்ச்சல்! இந்தியாவில் அந்த நோய் உறுதியானது அதுவே முதல் தடவை.

பறவைக் காய்ச்சலில் கொண்டையும் தாடியும் வீங்கி நீலம் பாயும். கோழிகள் திடீர் திடீரென்று சாகும். ஆனால் கண்ணால் பார்த்து மட்டும் இரண்டு நோயையும் பிரித்துச் சொல்ல முடியாது. பரிசோதனைதான் சொல்லும்.

இந்தக் காய்ச்சல் அபூர்வமாக மனிதருக்கும் தொற்றும். 1997-ல் ஹாங்காங்கில் 18 பேருக்கு வந்தது; 6 பேர் இறந்தார்கள். 2021-ல் அரியானாவைச் சேர்ந்த ஒரு சிறுவன் இறந்தான். இதற்காகக் கோழிக்கறியைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. நோயில்லாத கோழியின் கறியும் முட்டையும் நன்றாக வெந்தால் பயமில்லை. நோய்க் கோழியை அறுப்பதும், செத்ததை வெறுங்கையால் தொடுவதும்தான் ஆபத்து.

வீராணத்துக்கு வரும் விருந்தாளிகள்

காட்டுமன்னார்கோயிலை ஒட்டி வீராணம் ஏரி இருக்கிறது. குளிர்காலத்தில் தூரதேசத்து நீர்ப்பறவைகள் இங்கே வருகின்றன. அதே நாட்களில் சம்பா அறுவடை முடிந்த வயல்களில் வாத்துக் கூட்டங்கள் மேய்கின்றன. வாத்து சில சமயம் நோயின் அடையாளமே காட்டாமல் கிருமியைச் சுமக்கும். வயலில் மேயும் வாத்து, வாய்க்காலில் தண்ணீர் குடிக்கும் கோழி, மேலே பறக்கும் கொக்கு — மூன்றும் அங்கே சந்திக்கின்றன.

கேரளத்தில் குட்டநாடும் இப்படி நீரும் நெல்லும் நிறைந்த பூமிதான். 2014 நவம்பரில் அங்கே வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் வந்தது. லட்சத்துக்கு மேற்பட்ட பறவைகளைக் கொல்ல வேண்டியதாயிற்று. அந்த நோய் அதன் பிறகும் அங்கே திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

பெரிய பண்ணையில் டாக்டர் இருப்பார், கணக்கு இருக்கும். கொல்லைப்புறக் கோழிக்கு யார் கணக்கு வைப்பது? அதை வளர்க்கும் பெண்தான். காலையில் பஞ்சாரத்தைத் தூக்கும்போது எது எழுந்து ஓடுகிறது, எது சுருண்டு கிடக்கிறது என்று முதலில் பார்ப்பவள் அவள்தான்.

ஏன் மறைக்கிறார்கள்?

நோய்க் கோழியை அரை விலைக்கு விற்றுவிடுகிறார்கள். செத்ததை வாய்க்காலில் எறிகிறார்கள். சிலர் குழம்பு வைத்துவிடுகிறார்கள். "வெளியே சொன்னால் இருக்கிற கோழியையும் பிடித்துக் கொன்றுவிடுவார்கள்" என்ற பயம்! அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. பறவைக் காய்ச்சல் உறுதியானால், அந்த இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் உள்ள கோழி, வாத்துகளை அழிப்பது விதி. 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு நடக்கும்.

அப்படி அழிக்கும் பறவைகளுக்கு நஷ்டஈடு உண்டு. முதல் கோழி சாகும்போதே சொன்னால், மற்றவை உயிரோடு இருக்கும். அழித்தாலும் அவற்றுக்குக் காசு வரும். எல்லாம் செத்தபின் சொன்னால், அழிப்பதற்குப் பறவையும் இல்லை. கொடுப்பதற்குக் கணக்கும் இல்லை. மறைப்பவருக்குத்தான் நஷ்டம்!

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 2009-ம் ஆண்டுச் சட்டப்படி, இத்தகைய தொற்றுநோய் என்று சந்தேகம் வந்தால் வளர்ப்பவர் கிராம அதிகாரிக்கோ ஊராட்சிக்கோ தெரிவிக்க வேண்டும். ராணிக்கெட், பறவைக் காய்ச்சல் இரண்டும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

அதிகாரிகளின் கடமை

சட்டம் மட்டும் போதாது. சொன்னவளுக்குப் பதில் வரவேண்டும்.

செத்த கோழியை எடுத்துக்கொண்டு போனால், அது என்ன நோய் என்ற முடிவை அந்தப் பெண்ணின் வீட்டுக்கே வந்து சொல்ல வேண்டும். நஷ்டஈட்டுக்கு அவளை ஆறு மாதம் அலைய விடக் கூடாது. ஊசி முகாமைப் பகல் 11 மணிக்கு நடத்தினால், ஊர் மேயப் போன கோழியை யார் பிடிப்பது? விடியற்காலையில், பஞ்சாரம் திறக்குமுன் வரவேண்டும். ஒரு முறை அலட்சியமாகப் பேசி அனுப்பினால், அடுத்த முறை அவள் வாய் திறக்க மாட்டாள்.

வளர்ப்பவர்களும் ஒன்று செய்யவேண்டும். கோழி செத்தால் விற்காதீர்கள், எறியாதீர்கள், அறுக்காதீர்கள். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். அவர்கள் பார்த்தபின் ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

நோய்க்கு ஊர் எல்லை தெரியாது. ஒரு வீட்டில் மறைத்தது நாலு ஊரை அழிக்கும். ஒரு வீட்டில் சொன்னது நாலு ஊரைக் காக்கும்.