அறை வாடகைக் கணக்கில் தோற்ற கணக்கு வாத்தியார்



வீட்டில் அம்மா இப்போது நலம். போனில் விசாரித்த எல்லோருக்கும் நன்றி. பித்தப்பைக் கல் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்தப் பதிவு பில்லைப் பற்றியது.

அட்மிஷன் போடும்போது "எந்த ரூம் சார்?" என்று கேட்டார்கள். எங்கள் இன்சூரன்ஸில் அறை வாடகை நாளுக்கு 3,000 ரூபாய் வரைதான். 5,000 ரூபாய் அறையில் துணைக்கு இருப்பவருக்கும் கட்டில் உண்டு என்றார்கள். மூன்று நாளுக்கு 6,000தானே கூடுதல் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். 34 வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவன்!

டிஸ்சார்ஜ் அன்றுதான் விஷயம் புரிந்தது. வரம்பைத் தாண்டிய அறை எடுத்தால் டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்சிங் கட்டணம் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் வெட்டிவிடுவார்களாம். 5,000க்கு 3,000, அதாவது ஐந்தில் மூன்று பங்கு. அந்த வகையில் வந்த 90,000 ரூபாயில் கம்பெனி கொடுத்தது 54,000. மீதி 36,000 என் தலையில். கையுறை, சிரிஞ்சு என்று பாலிசியில் சேராதவை 4,200. அறை வாடகையும் சேர்த்து மொத்தம் 46,200 ரூபாய்.

பாலிசியில் எழுதியிருக்கிறது, மறுக்கவில்லை. பொடி எழுத்தில், இருபது பக்கம் தாண்டி. பில்லிங்கில் இருந்த பையன் நம் பள்ளியில் படித்தவன்தான். "முன்னாடியே உங்களைப் பார்த்திருந்தா அந்த ரூம் வேண்டாம்னு சொல்லியிருப்பேன் சார்" என்றான். அவனை என்ன சொல்ல? நோயாளியிடம் அதைச் சொல்வது அங்கே யாருடைய வேலையும் இல்லை.

காலையில் டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்றார். கம்பெனி ஒப்புதல் வரும்போது இரவு ஏழரை. மருத்துவமனை கேட்ட மூன்று மணி நேரத்துக்குள் டிஸ்சார்ஜ் ஒப்புதல் தர வேண்டும் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதமே சுற்றறிக்கை விட்டாயிற்று.

ரோபோ ஆபரேஷன் என்று ஊரெங்கும் பேனர். வரட்டும். ஆனால் மருத்துவத் தொழிலில் புதுமை என்றால் எனக்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைதான் நினைவுக்கு வருகிறது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன டாக்டர் வெங்கடசாமி, அரசு வேலையில் ஓய்வுபெற்ற பிறகு 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கியது. (ஓய்வுபெற்றவர்கள் கவனிக்க!) கட்டணம் தருபவர்களால் இலவசப் பிரிவும் நடக்கிறது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் நூறு டாலர் அளவில் இறக்குமதியான காலத்தில், 1992-ல் ஆரோலேப் தொடங்கி, அதைப் பத்து டாலர் அளவுக்கு இறக்கினார்கள். நஷ்டத்தில் ஓடும் இடமில்லை அது. அங்கே என் அக்காவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தபோது, எந்த லென்ஸ் என்ன விலை என்று முதலிலேயே உட்காரவைத்துச் சொன்னார்கள். அக்கா ஐந்தாம் வகுப்பு. அவருக்குப் புரிந்தது.

மருத்துவமனை லாபம் பார்ப்பதை நான் தப்பென்று சொல்லமாட்டேன். சம்பளம், மெஷின் எல்லாம் எங்கிருந்து வரும்? விலையை ஒளித்துவைத்துப் பார்க்கும் லாபம்தான் உறுத்துகிறது.

மருத்துவமனைகளிலும் இன்சூரன்ஸிலும் வேலை பார்க்கும் என் பிள்ளைகளே, அட்மிஷன் கவுன்டரில் ஒரே ஒரு தாள் வையுங்கள். இந்த அறை எடுத்தால் கம்பெனி இவ்வளவு, உங்கள் கையிலிருந்து இவ்வளவு. அவ்வளவுதான் கேட்கிறேன்.

மற்றவர்கள் இன்றைக்கே பாலிசியை எடுத்து அறை வாடகை வரியைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் போன் பண்ணுங்கள், சேர்ந்து பார்ப்போம். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை மட்டும் வேண்டாம், தூங்குவேன்.