‘உருப்படாதவன்’ என்று முத்திரை குத்தும் உரிமையை நமக்கு யார் தந்தது?



அன்பிற்குரிய பெற்றோர்களே, ஜமாஅத் பெரியவர்களே, எங்களைப் போன்ற உஸ்தாதுமார்களே!

ஆண்டுதோறும் தேர்வு முடிவுகள் வெளியானதும் நம் ஊர்களில் மேடை போடுகிறோம். முதல் மூன்று இடங்களைப் பெற்ற பிள்ளைகளுக்குக் கேடயம் வழங்குகிறோம், சால்வை போர்த்துகிறோம். அதில் தவறில்லை. ஆனால் அதே மாலையில், வாழ்த்து முழக்கம் ஒலிபெருக்கி வழியே காதில் விழ, வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் பிள்ளையைப் பற்றி அந்த மேடையில் ஒருவராவது பேசியதுண்டா? அந்தப் பிள்ளை இந்த ஜமாஅத்தைச் சேர்ந்ததில்லையா?

பிறரைக் குற்றம் சாட்டுமுன் எங்கள் குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். ராயகிரியில் எங்கள் மாலை மதரஸாவில் ஓதிவந்த ஒரு மாணவர் பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் தேறவில்லை. பள்ளிவாசல் ஹவுளுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஒருமுறை நின்றுபோனபோது, அதைக் கழற்றிக் கோளாறு எதுவெனக் கண்டுபிடித்து ஓடவைத்தவர் அவர்தான். அன்று நாங்கள் பாராட்டியிருக்க வேண்டும். மாறாக, எல்லாப் பிள்ளைகளின் முன்னிலையிலும், “படிப்பைத் தவிர மற்றதெல்லாம் உனக்கு வரும்” என்றோம். வேடிக்கையாகச் சொன்னதாகவே நினைத்தோம். மறுவாரம் முதல் அவர் மதரஸாவுக்கு வரவில்லை. ஒரு மாணவரின் குர்ஆன் ஓதலை நிறுத்திவிட்டது எங்கள் நாவு. மறுமையில் இதற்கு என்ன பதில் சொல்லப்போகிறோம் என்ற அச்சமே எங்களை இதை எழுத வைத்தது.

ஒருவரையொருவர் பரிகசிப்பதையும், பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11-ஆம் வசனம் தடுக்கிறது. அந்தத் தடை பெரியவர்களுக்கு மட்டும்தானா? ‘மக்கு’, ‘தண்டம்’, ‘உருப்படாதவன்’ என்பவை பட்டப்பெயர்கள் இல்லையா? அனஸ் (ரலி) அவர்கள் சிறுவராக நபி (ஸல்) அவர்களின் வீட்டில் பணியாற்றத் தொடங்கி, பத்தாண்டுகள் உடனிருந்தார்கள். அந்தப் பத்தாண்டுகளில் ‘சீ’ என்ற ஒரு சொல்லைக்கூடத் தாம் கேட்டதில்லை என்று அவர்களே அறிவித்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் அதைப் பத்து நிமிடத்தில் கேட்டுவிடுகிறார்கள்.

“கண்டிக்காமல் விட்டால் பிள்ளை கெட்டுப்போகும்” என்பார்கள். கண்டிப்பு வேறு, இழிவுபடுத்துவது வேறு. செய்த தவறைச் சுட்டிக்காட்டுவது கண்டிப்பு. ‘நீயே ஒரு தவறு’ என்று சொல்வது இழிவு. முன்னது திருத்தும், பின்னது முறித்துவிடும்.

தொழில் வழிகாட்டுதல் என்பது ஏதோ நவீனக் கல்லூரிகள் கண்டுபிடித்த கலை என்று நாம் எண்ணியிருக்கிறோம். பத்ருப் போருக்குப் புறப்பட விரும்பிய ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்கள் வயது போதாமல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அத்தோடு ஒதுக்கப்பட்டார்களா? இல்லை. அவர்களுடைய நினைவாற்றலைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் யூதர்களின் எழுத்தைக் கற்கப் பணித்தார்கள். ஏறத்தாழ அரை மாதத்தில் கற்றுத் தேர்ந்தார்கள். வஹீயை எழுதும் பொறுப்பு அவர்களுக்குக் கிடைத்தது. பின்னர் அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆட்சியில் குர்ஆனை ஒன்றுதிரட்டும் பணியும் அவர்களிடமே ஒப்படைக்கப்பட்டது. வாளேந்த முடியாமல் திரும்பிய சிறுவர், எழுதுகோலால் இந்த உம்மத்துக்கே தொண்டாற்றினார்.

பாங்கின் சொற்களைக் கனவில் கண்டவர் அப்துல்லாஹ் பின் ஸைத் (ரலி). ஆயினும் குரல்வளம் மிக்கவர் என்பதால் பிலால் (ரலி) அவர்களே பாங்கு சொல்லப் பணிக்கப்பட்டார்கள். அபூதர் (ரலி) அவர்கள் பதவி கேட்டபோது, அது பெரும் அமானிதம், அதற்கு அவர் பொருத்தமானவர் அல்லர் என்று கனிவோடு மறுக்கப்பட்டது. அதனால் அவருடைய மதிப்பு சிறிதும் குறையவில்லை. ஆளையறிந்து பணியைக் கொடுப்பதுதான் சுன்னத். பக்கத்து வீட்டுப் பிள்ளை சேர்ந்த படிப்பில் நம் பிள்ளையையும் சேர்ப்பதற்கு எந்த ஆதாரத்தைக் காட்டுவோம்?

நம் தென்காசி மாவட்டத்தில் இரண்டே பாதைகள்தான் உண்டு என்பதுபோல் பேசிவருகிறோம்: நன்றாகப் படித்தால் பொறியியல், படிக்காவிட்டால் அரபு நாட்டு விசா. வளைகுடா வருமானம் பல குடும்பங்களைக் கரையேற்றியதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ‘எதற்கும் லாயக்கில்லாதவனை அங்கே அனுப்பிவிடுவோம்’ என்ற எண்ணத்தைத்தான் கண்டிக்கிறோம். கைத்தொழில் அறியாமல் போகிறவர் அங்கேயும் அடிமட்ட வேலையில்தான் நிற்பார். எலெக்ட்ரீஷியன், ஃபிட்டர், ஏ.சி. மெக்கானிக் எனத் தொழில் கற்றுச் செல்பவரின் நிலை வேறு. அவர் ஊரிலேயே தங்கினாலும் கௌரவமாகப் பிழைப்பார்.

தாவூத் (அலை) அவர்கள் இரும்பை உருக்கொடுத்துத் தம் கையால் உழைத்து உண்டவர்கள்; ஸக்கரிய்யா (அலை) அவர்கள் தச்சர். நபிமார்கள் செய்த வேலை, பத்தாம் வகுப்பு படித்த நம் மகனுக்கு இழிவாகப் படுகிறதென்றால், பழுது மகனிடம் இல்லை. நம் பார்வையில் இருக்கிறது. ஐ.டி.ஐ. என்றால் முகம் சுளிக்கும் பெற்றோர் ஒன்றை அறிந்துகொள்ளட்டும்: ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் அதேபோல் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம். அது முட்டுச்சந்து அன்று, சற்றுச் சுற்றிச் செல்லும் சாலை.

தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் இயங்கிவருகிறது. கல்லூரிப் பட்டம் இல்லாத, பிளஸ் டூ அல்லது டிப்ளமோ முடித்த இளைஞர்களை எடுத்து, உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்றுவிக்கும் முறையை அந்நிறுவனம் 2005-லேயே தொடங்கிவிட்டது. எல்லோருக்கும் அங்கே இடம் கிடைக்கும் என்று சொல்லவில்லை. திறமையைச் சான்றிதழுக்கு அப்பால் பார்க்க ஒரு வணிக நிறுவனத்துக்குத் தெரிந்திருக்கிறது. தீனைப் பேசும் நமக்குத் தெரியவில்லையே என்றுதான் வெட்கப்படுகிறோம்.

மேடைதோறும் அப்துல் கலாம் அவர்களின் பெயரைச் சொல்கிறோம். அவர் விமானி ஆக விரும்பி, விமானப்படைத் தேர்வில் எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக வந்து வாய்ப்பிழந்தவர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோமா? அவர் தலைமையில் உருவான எஸ்.எல்.வி-3 ராக்கெட் 1979 ஆகஸ்டில் கடலில் விழுந்து, 1980 ஜூலை 18 அன்றுதான் வென்றது என்பதைச் சொல்கிறோமா? நம் பிள்ளைகளுக்குத் தேவை அவருடைய புகழைவிட அவருடைய தோல்விகளின் வரலாறுதான்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் அநீதி செய்கிறோம். “கட்டிக்கொடுக்கப் போகிற பிள்ளைக்கு எதற்கு?” என்ற ஒரே கேள்வியால் கதவை அடைத்துவிடுகிறோம். அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. ஐ.டி.ஐ., டிப்ளமோ படிப்போருக்கும் இவை உண்டு. இவற்றை நம் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்திருக்கிறோமா?

எனவே ஜமாஅத்துகளிடம் நாம் கேட்பது மூன்றுதான். தேர்வு முடிவு வரும் வாரத்தில், தேறாத பிள்ளைகளின் வீட்டுக்கு முதலில் செல்லுங்கள். கேடயம் பிறகு கொடுக்கலாம். நம் ஊரில் கடை, பட்டறை, அலுவலகம், மருத்துவமனை எனப் பல துறைகளில் இருப்போரை மாதம் ஒருநாள் பிள்ளைகளோடு உட்கார வையுங்கள். மதரஸாவில் எந்தப் பிள்ளையையும் பட்டப்பெயரால் அழைப்பதில்லை என்று உஸ்தாதுமார்கள் உறுதி ஏற்கட்டும். இம்மூன்றுக்கும் பெரும் நிதி தேவையில்லை. மனம் இருந்தால் போதும்.

அந்த மாணவரின் வீட்டுக்கு நாங்கள் சென்றோம். அவர் தந்தையின் முன்னிலையிலேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் தலை நிமிர்ந்து பார்த்தார். இப்போது ஒரு மோட்டார் பட்டறையில் தொழில் பழகுகிறார். இஷாவுக்குப் பிறகு விட்ட இடத்திலிருந்து ஓதுகிறார்.

நம் பொறுப்பில் விடப்பட்ட பிள்ளைகளைக் கண்ணியத்தோடு வளர்க்கும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.