கொஞ்சம் கரி பூசுங்க!

‘குடும்பத்து முகத்துல கரியைப் பூசிட்டியேடா!’

பரீட்சை ரிசல்ட் வந்த அன்று உறையூரில் தெருவுக்கு நாலு வீட்டிலாவது கேட்கும் வசனம் இது. ஆனால், கரி பூசினால்தான் காரியமே நடக்கும் என்கிற தொழில் ஒன்று இருக்கிறது. லேசரால் பிளாஸ்டிக்கை வெல்டிங் செய்வது!

வெல்டிங் என்றதும் திருச்சிக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்வோம். திருவெறும்பூர் ‘பெல்’ பாய்லர், 1975-ல் அங்கே தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையம்... இரும்பு சமாசாரத்தில் நம்மை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. பிளாஸ்டிக்குக்கு? காய்ச்சின கம்பியால் ஓட்டைக் குடத்தை உருக்கி அடைப்பார்களே, அதுதான் நமக்குத் தெரிந்த வெல்டிங். காருக்குள் இருக்கும் சென்சார் டப்பாவை அப்படி ஒட்ட முடியுமா? உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் பரலோகம் போய்விடும்.

‘பி.காம்.காரனுக்கு இதெல்லாம் எதுக்கு?’ என்கிறீர்களா? எல்லாம் வரவு செலவுக் கணக்குதான் சார்.

மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு. மேல் துண்டு லேசரைத் தடுக்காமல் வழிவிடும் ரகம். கீழ்த் துண்டில் கரித்தூள். இரண்டையும் அழுத்திப் பிடித்து லேசரைப் பாய்ச்சினால், மேலே அது வெறும் வழிப்போக்கன். வரவு வைக்கப்படுவது கீழேதான். கரி ஒளியை விழுங்கிச் சூடாகும். கீழ்த் துண்டின் முகம் உருகும். அந்தச் சூடு மேல் துண்டுக்கும் தொற்றும். ஆறினதும் ஈருடல் ஓருடல். பசை கிடையாது, ஸ்க்ரூ கிடையாது, குலுக்கல் கிடையாது.

பூதக்கண்ணாடியால் பேப்பரில் வெயிலைக் குவித்த பையன்களுக்கு இது தெரியும். வெள்ளை இடம் முரண்டு பிடிக்கும். கறுப்பு எழுத்து சட்டென்று புகையும். காரணம், அச்சு மையில் இருக்கும் கரி. பாட்டிமார் விளக்குப் புகையைப் பிடித்துக் கண்மை செய்தார்களே, அதற்கு ஃபாக்டரியில் பிறந்த தம்பிதான் ‘கார்பன் பிளாக்’. நூறு பங்கு பிளாஸ்டிக்குக்குப் பெரும்பாலும் அரைப் பங்குகூட வேண்டாம். ரொம்பப் போட்டால் மேற்பரப்பே கருகிவிடும். கண்மை மாதிரியேதான், அளவோடு இட்டால் அழகு!

சரி, இரண்டு துண்டும் கறுப்பாக இருக்க வேண்டுமென்றால்? டி.வி. ரிமோட்டின் மூக்கைப் பாருங்கள். சிலவற்றில் கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் இருக்கும். நம் கண்ணுக்குத்தான் அது கறுப்பு. அகச்சிவப்பு ஒளிக்கு அது திறந்த கதவு. மேல் துண்டுக்கு அந்த மாதிரி சாயக் கறுப்பு, கீழ்த் துண்டுக்குக் கரிக் கறுப்பு. கல்யாணம் சுபம்.

வம்பே விவாகரத்தில்தான். ஆயுள் முடிந்த பிளாஸ்டிக்கை வெளிநாடுகளில் மெஷின்தான் பிரிக்கிறது. அதுவும் அகச்சிவப்பு ஒளியை அடித்து, திரும்பி வருவதை வைத்து ரகம் கண்டுபிடிக்கிறது. கரி கலந்திருந்தால் ஒளி திரும்பினால்தானே! வெல்டிங்கில் கைகொடுத்த அதே பசி, இங்கே மெஷினைக் குருடாக்கிவிடுகிறது. பிரிட்டனில் 2018 வாக்கில் பல சூப்பர் மார்க்கெட்டுகள் கறுப்பு உணவுத் தட்டுகளுக்கு முழுக்குப் போட ஆரம்பித்தது இதனால்தான். மாற்றுவழி? ஒளியைத் திருப்பி அனுப்பும் சாயக் கறுப்பு. அதாவது, ரிமோட் மூக்கின் சொந்தக்காரர்!

நம்ம ஊரில் பெரும்பாலும் மெஷின் இல்லை, மனிதர்கள்தான். பழைய சாமான் கடையில் உட்கார்ந்து வளைத்துப் பார்ப்பார்கள், தட்டிச் சத்தம் கேட்பார்கள். கறுப்போ சிவப்போ, அந்தக் கைகளுக்கு எல்லாம் ஒன்றுதான். அதற்கும் பிடிபடாவிட்டால் ஓரத்தைக் கொளுத்தி மோந்து பார்ப்பார்கள். ‘வாசனையை வச்சே சொல்லிருவேன் சார்!’ என்பதில் ஒரு பெருமை. அந்தப் புகை முழுக்க யார் கணக்கில் வரவாகிறது? அவர் நுரையீரல் கணக்கில்!

இதற்கு ஒரு பரிகாரம் இருக்கிறது. பொருளின் அடியில் அது என்ன பிளாஸ்டிக் என்று எழுதிவிட்டால் போதும். பல பொருள்களில் இருக்கிறது, எறும்புக்கு மட்டும் தெரிகிற சைஸில். இன்ஜினீயர் சார், கண்ணுக்குத் தெரியாத ஒளியை வைத்து இத்தனை வித்தை காட்டுகிறீர்களே... கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நாலு எழுத்துப் போடக் கூடாதா?